முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

'உங்களுக்குப் பிடித்த ராக், பாப் ஆல்பங்களை எழுதி அனுப்புங்கள்' என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், 'நீங்களே சொல்லுங்கள்' என்றுதான் இருக்கின்றன. சரி, சொல்கிறேன். வேலூர் லாங் பஜார் பக்கம் அப்பா கேசட் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். சினிமாப் பாட்டு அவர் பொறுப்பு, இங்கிலீஷ் பாட்டு என் பொறுப்பு. கவுன்ட்டருக்கு வருகிறவரிடம் 'இப்போ என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்க?' என்று முதலில் கேட்பேன். அதற்கு வரும் பதிலை வைத்துத்தான் ஆல்பம் எடுத்துக் கொடுப்பேன். இங்கேயும் அதே வழக்கம்தான்.

அக்கா, எனக்கு இளையராஜா, ரஹ்மானைத் தவிர வேறு யாரையும் தெரியாது. இங்கிலீஷ் ராக் கேட்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
*கல்லூரி மாணவர், குடியாத்தம்*

ராஜா சார் பாட்டில் வளர்ந்த காதுக்கு பேஸ் கிட்டாரை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாடுகிறவர் ஒரு மெட்டில் போவார், அடியில் பேஸ் தன் பாட்டுக்கு இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு வரும். அதைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியவர் நீங்கள். அதனால் பீட்டில்ஸ் குழுவின் 'அபி ரோடு' (1969).

அதில் இரண்டாவது பாட்டு 'சம்திங்', ஜார்ஜ் ஹாரிசன் எழுதிப் பாடியது. முதல் தடவை சும்மா கேளுங்கள். அடுத்த தடவை குரலை விட்டுவிட்டு, பால் மெக்கார்ட்னி வாசிக்கும் பேஸை மட்டும் கேளுங்கள். மேலே பாட்டு நிதானமாக நிற்கும்போது அது கீழே உலாவப் போகும். சரியாக வரி முடிகிற இடத்துக்கு வீடு வந்து சேர்ந்துவிடும். உங்களுக்கு இது புது ஊர் மாதிரியே இருக்காது.

ஆனால் ஒரு நிபந்தனை. ஷஃபிள் வேண்டாம், நடுவில் தாண்டவும் வேண்டாம். எல்.பி. இசைத்தட்டில் முதல் பக்கம் 6 பாட்டு. ஆறாவது பாட்டு கனமாகச் சுழன்று சுழன்று போய், கத்தரிக்கோல் வைத்தது போல் சட்டென்று நின்றுவிடும். ஜான் லென்னன் சொல்லி அந்த இடத்தில் டேப்பை வெட்டியது அது. 'பாதியில நின்னுடுச்சும்மா, கேசட் கெட்டுப்போச்சு' என்று எத்தனையோ பேர் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து, அந்த மௌனத்துக்குப் பிறகு இரண்டாம் பக்கத்தைப் போட்டுக் காட்டுவேன். எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் ஜார்ஜ் எழுதிய 'ஹியர் கம்ஸ் த சன்' அங்கேதான் ஆரம்பிக்கும். அந்த இருட்டுக்கு அப்புறம் வந்தால்தான் அந்த வெயிலுக்கு மதிப்பு.

பிறகு கடைசிக் கால்மணி நேரம். முடிக்காமல் கிடந்த பாட்டுத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று கோத்து ஒரே ஓட்டமாக்கியிருக்கிறார்கள். 'த எண்ட்' வரும்போது ரிங்கோ ட்ரம்ஸில் தனியாவர்த்தனம் செய்வார். பீட்டில்ஸ் ரெக்கார்டுகளிலேயே அவர் அப்படி வாசித்தது அங்கே மட்டும்தான். அதைத் தொட்டு பால், ஜார்ஜ், ஜான் மூன்று பேரும் மாற்றி மாற்றி கிட்டார் வாசிப்பார்கள். யாருடையது எது என்று பிரித்துச் சொல்லப் பாருங்கள்.

இந்த ஆல்பம் மொத்தம் 47 நிமிஷம். சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம்தான். அதனால் முதல் 6 பாட்டு ஒரு பக்கம், மீதி மறுபக்கம் என்று பதிவேன். இரண்டு பக்கமும் பாதி டேப் காலியாக ஓடும். 'இடம் வீணாகுதே, ரெண்டு போனி எம் பாட்டு போட்டுக் கொடுங்க' என்பார்கள். போட்டுக் கொடுத்ததில்லை.

'டார்க் சைட் ஆஃப் த மூன்' உலக மகா ஆல்பம் என்று ஹாஸ்டலில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் பாதியில் தூங்கிவிட்டேன். என் ரசனையில் கோளாறா?
*பொறியியல் மாணவர், காட்பாடி*

எப்போது கேட்டீர்கள் என்று எழுதவில்லையே! படுத்துக்கொண்டு, லைட்டை அணைத்துவிட்டு, ராத்திரி ஒரு மணிக்கு என்றால் தூக்கம் வரத்தான் செய்யும். சாயங்காலம் உட்கார்ந்து கேளுங்கள். 43 நிமிஷம்தான்.

பிங்க் ஃபிளாய்டின் இந்த 1973 ஆல்பம் இதயத் துடிப்பில் ஆரம்பித்து இதயத் துடிப்பிலேயே முடியும். நடுவில் பாட்டுக்குப் பாட்டு வாசல் கதவு திறந்தே இருக்கும், ஒன்றிலிருந்து அடுத்ததுக்குள் நேராகப் போய்விடலாம். 'டைம்' பாட்டின் தொடக்கத்தில் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறுமே, அவை ஒன்றாக அடித்த கடிகாரங்கள் இல்லை. சவுண்ட் இன்ஜினியர் ஆலன் பார்சன்ஸ் பழம்பொருள் கடையில் ஒவ்வொன்றாகப் பதிந்து கொண்டுவந்து அடுக்கியவை.

ஆனால் நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புவது அதற்கடுத்த பாட்டில், 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'. ரிச்சர்ட் ரைட்டின் பியானோ மேல் ஒரு பெண் குரல். ஒரு வார்த்தை கிடையாது, ஆலாபனை மட்டும். பாடியவர் கிளேர் டோரி. 'வார்த்தை வேண்டாம், உன்னை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொள்' என்பது போல் ஏதோ சொல்லி மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். கத்தி, கெஞ்சி, அடங்கி, கடைசியில் பேச்சு போலத் தேய்ந்து முடிப்பார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு. அந்த மெட்டை உருவாக்கியதில் தனக்கும் பங்கு உண்டென்று பிற்பாடு வழக்குப் போட்டார். 2005-ல் சமரசம் ஆகி, இப்போது பாட்டை எழுதியவர்கள் வரிசையில் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது. நியாயம்தானே? அந்தக் குரலை எடுத்துவிட்டால் அங்கே என்ன மிச்சம்?

இந்த ஆல்பத்தை நான் முதலில் கேட்டது, சி.எம்.சி.யில் படித்த மிசோரம் மாணவர் ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவந்த எல்.பி.யில். அட்டையிலிருந்து எடுக்கும்போது விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுத்தார். வடகிழக்குப் பிள்ளைகள் இந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த ராக் சங்கீதம் கொஞ்சநஞ்சம் இல்லை. உங்கள் ஹாஸ்டலிலும் இருப்பார்கள், போய்ப் பேசுங்கள்.

இதற்கு மேலும் தூக்கம் வந்தால் பரவாயில்லை, அவர்களுடைய 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) கேளுங்கள். பிரிந்துபோன நண்பன் சிட் பேரட்டை நினைத்துச் செய்தது. மனசுக்கு இன்னும் பக்கத்தில் வரும்.

எங்கள் வீட்டில் பட்டுத் தறி. நாள் முழுக்கத் தறிச் சத்தம் காதில் இருக்கும். எனக்குத் தாளம்தான் முக்கியம். ட்ரம்ஸ் நன்றாக உள்ள ஆல்பம் எது?
*நெசவாளர், ஆரணி*

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மிதியும் நாடாவும் சேர்ந்து அடிக்கிற தாளத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நான் ட்ரம்ஸைப் பற்றிச் சொல்வதா என்று கொஞ்சம் தயங்கினேன். ஆனால் கொடுக்க என்னிடம் ஒன்று இருக்கிறது.

லெட் செப்லின் குழுவின் நான்காவது ஆல்பம், 1971. கடைசிப் பாட்டு 'வென் த லெவி பிரேக்ஸ்'. ட்ரம்ஸ் ஜான் பான்ஹம். அதை ஸ்டூடியோ அறைக்குள் பதியவில்லை. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய பெரிய வீடு. அதன் கூடத்தில், மாடிப்படி அடியில் ட்ரம்ஸை வைத்தார்கள். மைக்கை ட்ரம்ஸ் பக்கத்தில் வைக்காமல், மாடியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார்கள். அடி கீழே விழுகிறது, சத்தம் சுவரெல்லாம் மோதி மேலே ஏறி வருகிறது, அப்போதுதான் மைக் அதைப் பிடிக்கிறது. வீடே ட்ரம்ஸாக ஒலிக்கும். பான்ஹம் அதில் வேகம் காட்டவே மாட்டார், ஒரே நடை. அந்த நிதானத்தில்தான் பயம் வரும். 1927-ல் மிசிசிப்பி ஆற்றுக்கரை உடைந்த வெள்ளத்தைப் பற்றி 1929-ல் பாடிய பழைய ப்ளூஸ் பாட்டு அது. 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியதைப் பாலத்தில் நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் கை தானாக இந்தப் பாட்டைத்தான் தேடியது.

இன்னொன்றும் உங்களுக்கு உண்டு: 'சக்தி' என்கிற குழு. கிட்டார் ஜான் மெக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ஆர். ராகவன். 1975-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியை அப்படியே பதிந்து 1976-ல் வெளியிட்டார்கள். இதை ராக் என்று சொல்ல முடியாது, ஆனால் ராக் மேடைகளை அதிரவைத்த ஒரு கிட்டார்காரர், மின்சாரக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு நம் ஆட்களோடு தரையில் வந்து உட்கார்ந்து வாசித்தது. முதல் உருப்படி 'ஜாய்' 18 நிமிஷம் ஓடும். தறியில் இருக்கும்போது வேண்டாம். கை தறியை விட்டுவிட்டு இதன் பின்னால் போய்விடும்.

மகள் பத்தாவது படிக்கிறாள். எந்நேரமும் கொரியப் பாட்டுதான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல பாட்டு பக்கம் எப்படித் திருப்புவது?
*ஒரு அம்மா, ராணிப்பேட்டை*

திருப்ப வேண்டாம் அம்மா. கூடப் போய் உட்காருங்கள்.

பி.டி.எஸ். பிள்ளைகள் 7 பேரும் சாதாரணமாக அந்த இடத்துக்கு வரவில்லை. 2018-ல் அவர்களுடைய 'லவ் யுவர்செல்ஃப்: டியர்' அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கொரியக் குழு ஒன்று அங்கே முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. மகளிடம், 'உனக்குப் பிடித்த ஒரு ஆல்பத்தை முழுசாகப் போடு, நான் கேட்கிறேன்' என்று சொல்லுங்கள். நடுவில் போனை எடுக்காதீர்கள், அடுப்பைப் பார்க்க எழுந்து போகாதீர்கள். அவள் எந்த இடத்தில் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாள் என்று கவனியுங்கள். அவளுக்கு உயிரான இடம் அதுதான்.

அடுத்த வாரம் உங்கள் முறை. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982) போடுங்கள். 9 பாட்டு. 'பில்லி ஜீன்' ஆரம்பத்தில் குரல் வருவதற்கு முன்னால் வெறும் ட்ரம்ஸும் பேஸும் வெகுநேரம் போகும். நீளமாக இருக்கிறது, வெட்டிவிடலாம் என்றார் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ். அதைக் கேட்டால்தான் எனக்கு ஆடத் தோன்றுகிறது என்று மைக்கேல் விடவில்லை. அதே பாட்டை இன்ஜினியர் புரூஸ் ஸ்வீடியன் 91 தடவை மிக்ஸ் செய்து, கடைசியில் எடுத்துக்கொண்டது 2-வது மிக்ஸை. மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆட்டமும் பாட்டும் ஒன்றாகப் பிறக்கிற கே-பாப் எந்த வீட்டிலிருந்து கிளம்பி வந்தது என்பது அவளுக்கே புரியும்.

பீட்டில்ஸா, ரோலிங் ஸ்டோன்ஸா?
*வாலாஜாபேட்டை வாசகர்*

பீட்டில்ஸ். ஆனால் ஸ்டோன்ஸின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' (1972) கேட்காமல் இந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது.

நான் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியன். பக்கத்து ஆங்கிலோ இந்தியர் குவார்ட்டர்ஸில் கேட்டுக் கேட்டு ஜிம் ரீவ்ஸும் கிளிஃப் ரிச்சர்டும் மனப்பாடம். பேரன் 'ஓல்டு' என்கிறான். இருவரும் சேர்ந்து கேட்க ஏதாவது?
*அரக்கோணம் வாசகர்*

ஐயா, அந்த வரிசையில் நம் ஊர்ச் சம்பந்தம் நிறைய உண்டு. கிளிஃப் ரிச்சர்ட் பிறந்தது லக்னோவில். எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் பிறந்தது மதராஸில், 1936-ல். ரிங்கோவுக்கு முன்னால் பீட்டில்ஸுக்கு ட்ரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட்டும் மதராஸில் பிறந்தவர்தான். பேரனிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

ஜிம் ரீவ்ஸ் மைக்குக்கு வாயை ஒட்டி வைத்து, காதில் பேசுவது போல் பாடுவார். அந்தக் கனமான குரல் உங்களுக்கு வேண்டும், பேரனுக்குக் கொஞ்சம் முரட்டுத்தனம் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது ஜானி கேஷின் 'அட் ஃபோல்சம் பிரிசன்' (1968). கலிபோர்னியாவில் ஜெயிலுக்குள் போய்க் கைதிகள் முன்னால் பாடிப் பதிந்தது. 'ஹலோ, ஐ'ம் ஜானி கேஷ்' என்று அவர் சொன்னதும் கிளம்புகிற சத்தத்தைக் கேளுங்கள். நடுவில் ஜெயில் ஒலிபெருக்கி அறிவிப்புகூட அப்படியே பதிவாகியிருக்கிறது. கடைசிப் பாட்டு 'கிரேஸ்டோன் சாப்பல்', உள்ளே இருந்த கைதி கிளென் ஷெர்லி எழுதியது. கச்சேரிக்கு முதல் நாள் ராத்திரிதான் கேஷ் கைக்கு அது வந்தது. மறுநாள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடம் ஒன்றும் சொல்லிவைக்காமல் அவர் பாட்டையே பாடினார். தொரப்பாடி ஜெயில் மதிலை ஒட்டி பஸ் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டு வந்துவிடும்.

ஷூ கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சோர்வு போக ஏதாவது சொல்லுங்கள் அக்கா.
*வாசகி, ஆம்பூர்*

பால் சைமனின் 'கிரேஸ்லாண்ட்' (1986). 43 நிமிஷம், உங்கள் பஸ்ஸுக்கு அளந்து தைத்தது போல் இருக்கும். தென்னாப்பிரிக்காவுக்குப் போய் அங்கிருந்த கறுப்பினக் கலைஞர்களோடு செய்தது. நிறவெறி அரசைப் புறக்கணிக்க வேண்டும் என்று உலகமே நின்ற நேரம் அது. இவர் அதை மீறிவிட்டார் என்று எழுந்த கோபத்திலும் நியாயம் இருந்தது. அதையும் தெரிந்துகொண்டே கேளுங்கள். ஏனென்றால் அதில் வாசித்தவர்கள், பாடியவர்கள் யார் என்பதுதான் முக்கியம். 'யூ கேன் கால் மீ ஆல்' பாட்டில் பகிதி குமாலோ ஒரு இடத்தில் பேஸைத் தனியாக உருட்டி விடுவார். அதில் பாதி அவர் வாசித்தது, மறுபாதி அதே டேப்பைத் தலைகீழாக ஓட்டியது. இரண்டு மூன்று நொடிதான், கவனமாக இருங்கள். லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ என்கிற ஆண்கள் குழு வாத்தியமில்லாமல் சேர்ந்து பாடுவது இன்னொரு பொக்கிஷம். ஊரை விட்டுச் சுரங்க வேலைக்குப் போனவர்கள் விடுதியில் சேர்ந்து பாடி வளர்த்த பாணி அது. ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் குரல்கள் அந்நியமாக இருக்காது.

தமிழில், இல்லை நம் நாட்டில், ராக் ஆல்பம் இல்லையா? எல்லாம் வெள்ளைக்காரர்கள்தானா?
*திருப்பத்தூர் வாசகர்*

ஏன் இல்லை? டெல்லி 'இந்தியன் ஓஷன்' குழுவின் 'கண்டீசா' (2000) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைப்புப் பாட்டு, கேரள சிரியன் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் அரமேயிக் மொழித் துதி. கடையில் அதைப் போட்டிருந்தபோது, மருந்துச் சீட்டோடு அந்த வழியாகப் போன ஒரு மலையாள நர்ஸ் நின்று, கூடச் சேர்ந்து முணுமுணுத்தார். மலையாளத்தில் 'அவியல்' குழு அதே பெயரில் 2008-ல் கொண்டுவந்த ஆல்பம் அருமை. கீர்த்தனை பிடித்தவர்களுக்கு பெங்களூரு 'அகம்' குழுவின் 'த இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' (2012).

தமிழில் என்றால் 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கி, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது. கானாவும் பறையும் ராப்பும் மின்சாரக் கிட்டாரும் ஒரே மேடையில். கோபம் இருந்தால்தான் ராக். அது இங்கே சொந்தக் கோபம், கடன் வாங்கியது இல்லை.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. வார்த்தை புரியாமல் எப்படி ரசிப்பது?
*வீட்டுவேலை செய்யும் வாசகி, சத்துவாச்சாரி*

ட்ரேசி சாப்மன். அவர் பெயரிலேயே வந்த முதல் ஆல்பம், 1988. முன்னால் நிற்பது ஒரு கிட்டார், ஒரு குரல், அவசரமில்லாத உச்சரிப்பு, பேச்சு வழக்கில் உள்ள சின்னச் சின்ன வார்த்தைகள்.

இரண்டாவது பாட்டு 'ஃபாஸ்ட் கார்'. குடிகார அப்பா, விட்டுப்போன அம்மா. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் படிப்பை நிறுத்துகிறாள். காரில் ஏறி எங்காவது போய் ஒரு நல்ல வாழ்க்கை அமைத்துக்கொள்ளலாம் என்று நம்புகிறாள். கடையில் பில் போடும் வேலை கிடைக்கிறது. கடைசியில் கூட வந்தவனும் அப்பா மாதிரியே குடிக்கப் போய்விடுகிறான். இந்தக் கதைக்கு எந்த ஊர்ப் பெண்ணுக்கும் அகராதி வேண்டாம். அந்த வருஷம் ஜூன் மாதம் லண்டன் வெம்ப்ளியில், நெல்சன் மண்டேலாவின் 70-வது பிறந்தநாள் கச்சேரி. ஸ்டீவி வொண்டரின் கருவியில் ஏதோ காணாமல் போய் அவர் மேடை ஏற முடியவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, ஏற்கெனவே பாடி முடித்திருந்த ட்ரேசியை மறுபடி அனுப்பினார்கள். அத்தனை பெரிய கூட்டத்துக்கு முன்னால் தனியாக நின்று இதைப் பாடினார். உலகம் அவரை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது. 2023-ல் லூக் கோம்ப்ஸ் என்கிற பாடகர் இதையே மறுபடி பாடிப் பெரிய வெற்றி பெற்று, 2024 கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடினார்கள்.

நான்காவது பாட்டில் கிட்டாரும் இல்லை, வெறும் குரல். பக்கத்து வீட்டில் அடிவாங்கும் பெண்ணின் அலறல், போலீசைக் கூப்பிட்டும் பிரயோஜனமில்லை என்பதுதான் விஷயம். கனமானது, தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

போனில் பாட்டு ஓடும்போதே வரிகளையும் காட்டும் வசதி இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் போட்டுத் தருவார்கள். முதல் பாட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். புரியாத வரியைத் தமிழ் எழுத்திலேயே, காதில் விழுந்தபடி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கென்று அரைப் பக்கம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.